இரண்டு பஞ்சாங்கம், ஒரே நிலா

எங்கள் தாத்தா இறந்தது மாசி மாதம், தேய்பிறை அட்டமியில். வருடா வருடம் அந்தத் திதியில்தான் வீட்டில் அவருக்குத் திதி கொடுப்போம். சில வருடங்களுக்கு முன்பு ஒரு குழப்பம் வந்தது. அப்பா சுவரில் தொங்கிய பஞ்சாங்கத்தைப் பார்த்து வியாழக்கிழமை என்றார். சித்தப்பா கைப்பேசியில் பார்த்துவிட்டு, "இல்லண்ணே, புதன்கிழமை மத்தியானமே அட்டமி வந்துடுது" என்றார். கடைசியில் ஐயருக்கு போன் போட்டார்கள்.

"சாமி, அட்டமி புதனா, வியாழனா?"

"நீங்க வாக்கியம் பாக்கறீங்களா, திருக்கணிதமா?"

அப்பாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. அவரைப் பொறுத்தவரை பஞ்சாங்கம் என்றால் பஞ்சாங்கம். நிலா ஒன்று, அட்டமி ஒன்று, அப்புறம் எப்படி இரண்டு நாள் வரும்? அப்பா கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடிப் போனபோதுதான், அறிவியலும் மத நம்பிக்கையும் ஒன்றோடொன்று எப்படிப் பழகியிருக்கின்றன என்பது நம் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது என்று எனக்குப் புரிந்தது. இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் கலிலியோவையும் ரோமாபுரியையும் இழுப்பார்கள். அது அந்த ஊர்க் கதை. நம் பஞ்சாங்கத்தின் கதை வேறு மாதிரி.

முதலில் திதி என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். அமாவாசையன்று சூரியனும் சந்திரனும் ஒரே திசையில் இருக்கின்றன. அங்கிருந்து சந்திரன் விலகி முன்னே போகிறது. ஒவ்வொரு 12 பாகை விலகலுக்கும் ஒரு திதி. 30 திதி முடிந்தால் 360 பாகை, அதாவது அடுத்த அமாவாசை. ஆக, திதி என்பது வானத்தில் அளக்கக்கூடிய ஒரு கோணம். அந்த நாளில் பித்ருக்களுக்குப் பிண்டம் வைத்தால் அவர்களைச் சென்றடையும் என்பது நம்பிக்கை. இந்த இரண்டும் ஒரே தாளில், ஒரே வரியில் அச்சாகின்றன. நம்பிக்கையை யாரும் அளந்து பார்க்க முடியாது. கோணத்தை யார் வேண்டுமானாலும் அளக்கலாம்.

அந்தக் கோணத்தைக் கணக்கிட நம்மிடம் இரண்டு வழிகள் இருக்கின்றன. பழையது வாக்கிய முறை. மற்றது, வானத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்ட திருக்கணித முறை. முதலில் வாக்கியம். சந்திரனின் இடத்தைச் சொல்ல 248 சிறு சொற்றொடர்கள் உண்டு. வரருசி இயற்றியவை என்று மரபு சொல்கிறது. முதல் வாக்கியம் 'கீர்நஃ ச்ரேயஃ'. கேட்டால் ஏதோ மந்திரம் போல இருக்கும். உண்மையில் அது ஓர் எண். கடபயாதி என்ற முறையில் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஒரு இலக்கம் உண்டு. இந்த வாக்கியத்தில் ககர வரிசையின் மூன்றாம் எழுத்துக்கு 3, ந-வுக்கு 0, ர-வுக்கு 2, ய-வுக்கு 1. வலமிருந்து இடமாகப் படித்தால் 1203, அதாவது 12 பாகை 3 கலை (60 கலை சேர்ந்தால் ஒரு பாகை). சந்திரன் மிக மெதுவாக ஓடும் இடத்திலிருந்து கிளம்பினால் முதல் நாள் முடிவில் அவ்வளவு தூரம் போயிருக்கும். இரண்டாவது வாக்கியம் 'தேனவஃ ஸ்ரீஃ': 24 பாகை 9 கலை. இப்படி 248 நாளுக்கும் ஒவ்வொன்று.

ஏன் 248? சந்திரன் பூமிக்கு மிகத் தொலைவான புள்ளியிலிருந்து கிளம்பி மறுபடி அந்தப் புள்ளிக்கு வர 27 நாளும் 13 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலும் ஆகும். அப்படி ஒன்பது சுற்று போனால் ஏறக்குறைய சரியாக 248 நாள். இதே 248 நாள் கணக்கு பாபிலோனியக் களிமண் ஏடுகளிலும் இருக்கிறது. சிறுபிள்ளைகள் வாய்ப்பாடு படிப்பது போல இந்த வாக்கியங்களை மனப்பாடம் செய்துவிட்டால் ஏடும் எழுத்தாணியும் இல்லாமல் நிலாவின் இடத்தைச் சொல்லிவிடலாம். 1300 வாக்கில் தென்னாட்டில் எழுந்த 'வாக்கியகரணம்' என்ற நூல் சூரியனுக்கும் மற்றக் கிரகங்களுக்கும் இதே பாணியில் வழி சொல்கிறது. தமிழ்நாட்டு வாக்கியப் பஞ்சாங்கங்களுக்கு அதுதான் அடிப்படை.

இந்த முறையை நேரில் பார்த்து அசந்துபோன வெளிநாட்டவர் இருவர், இருவருமே புதுச்சேரியில். முதலாமவர் லெ ஜான்தீ என்ற பிரெஞ்சு வானியலாளர். சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்க 1760இல் பிரான்சிலிருந்து கிளம்பினார். அவர் வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் 1761 கடப்பின்போது நடுக்கடலில் கப்பலில் இருந்தார். ஆடும் கப்பலில் எதையும் அளக்க முடியவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு வருடம் இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே காத்திருந்தார். 1769 ஜூனில் புதுச்சேரியில் அந்த நேரம் பார்த்து மேகம் மூடிவிட்டது. அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கனக்கிறது. ஆனால் காத்திருந்த காலத்தில் தமிழ்க் கணிதர் ஒருவரிடம் நம் முறையைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தைக் கணக்கிடச் சொல்லிப் பார்த்தார். தமிழர் சொன்ன கிரகண நீளம் உண்மையைவிட 41 விநாடி குறைவு. அன்று ஐரோப்பாவில் சிறந்தது என்று கருதப்பட்ட டோபியாஸ் மேயரின் அட்டவணைப்படி 68 விநாடி அதிகம்.

இரண்டாமவர் ஜான் வாரன். ஒரு காலத்தில் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்தவர். 1825 மே 31 இரவு நிகழ இருந்த சந்திர கிரகணத்தை, புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, வாக்கியங்களை நினைவிலிருந்து சொல்லி, எண்ணிக் கூட்டிக் கழித்து அவருக்குக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் வித்தியாசம் வந்தது. இதை அதே ஆண்டு சென்னையில் அச்சான 'காலசங்கலிதம்' நூலில் வாரன் எழுதியிருக்கிறார். கூடவே இன்னொன்றையும் எழுதுகிறார்: அந்தக் கணிதருக்குக் கணக்கின் பின்னால் இருக்கும் கோட்பாடு எதுவும் தெரியாது, அபாரமான ஞாபகசக்தி மட்டும் இருந்தது.

முதல் கிரகணத்தில் 41 விநாடி, இரண்டாவதில் 52 நிமிடம் வரை. ஒரு கிரகணத்தை மட்டும் வைத்து மார்தட்டிக்கொள்வதும் தவறு, மட்டம் தட்டுவதும் தவறு. வாரன் சொன்ன கடைசி விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சோழி வைத்தவர் திறமைசாலி, சந்தேகமே இல்லை. ஆனால் தன் கணக்கு எங்கே பிசகுகிறது, ஏன் பிசகுகிறது என்று கேட்கும் வழி அவருக்குக் கற்றுத் தரப்படவில்லை. வாய்ப்பாடு கைக்கு வந்தது, அதை உண்டாக்கிய யோசனை வழியில் எங்கோ தொலைந்துவிட்டது.

இப்போது தாத்தாவின் அட்டமிக்கு வருகிறேன். கிரகணத்தை ஓரளவுக்குச் சரியாகச் சொன்ன அதே வாக்கியம் அட்டமியில் ஏன் தடுமாறுகிறது?

சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அதற்காக வாக்கிய முறை கொடுக்கும் திருத்தம் அதிகபட்சம் 5 பாகை. உண்மையான அளவு 6 பாகைக்கு மேல். அப்படியிருந்தும் கிரகணம் சரியாக வரக் காரணம் சூரியன். சூரியனின் ஈர்ப்பு சந்திரனின் பாதையைக் கொஞ்சம் இழுத்து நெளிக்கிறது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இந்த இழுப்பு ஒரு பாகைக்கு மேல் குறைத்துவிடுகிறது. மிச்சம் நிற்பது 5. கிரகணம் நடப்பதும் அமாவாசை, பௌர்ணமியில்தான். ஆனால் அரை நிலா நாட்களில், அதாவது அட்டமியை ஒட்டி, அதே இழுப்பு கூட்டிவிடுகிறது. ஏழரைப் பாகை வரை போகிறது. வாக்கியம் அங்கேயும் 5 பாகையே போடுகிறது. இரண்டரைப் பாகை பிசகினால் திதி முடியும் நேரம் ஐந்து மணி நேரம் வரை தள்ளிப் போகும். சிராத்தத்துக்குப் பிற்பகலில் எந்தத் திதி நிற்கிறதோ அதுதான் கணக்கு. ஐந்து மணி நேரம் நகர்ந்தால் புதன் வியாழனாகிவிடும். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்று உண்டு. பழைய கணிதர்கள் 5 பாகையை எங்கிருந்து பிடித்தார்கள்? வானத்தைப் பார்த்துத்தான். நிலா இன்ன இடத்தில்தான் இருக்கிறது என்று வெறுங்கண்ணால் அடித்துச் சொல்ல முடிந்த தருணம் கிரகணம். அதை வைத்துக் கணக்கைச் சரிபார்த்தார்கள், கிரகணத்துக்குப் பொருந்தும் எண் கிடைத்தது. எதைப் பார்த்துத் திருத்தினார்களோ அது சரியாக நின்றது. பார்க்காமல் விட்ட அட்டமி பிசகியது.

அப்புறம் நடந்ததுதான் சங்கடம். 'பாண விருத்தி, ரச க்ஷயம்' என்று ஒரு வாசகம் உண்டு. பாணம் ஐந்து, மன்மதனின் ஐந்து அம்பு. ரசம் ஆறு, அறுசுவை. ஒரு நாழிகை 24 நிமிடம். திதி 60 நாழிகைக்கு மேல் 5 நாழிகைதான் கூடலாம், 6 நாழிகைதான் குறையலாம் என்பது இதன் பொருள். ஆக 54 முதல் 65 நாழிகை. 5 பாகைத் திருத்தத்தோடு கணக்குப் போட்டால் இந்த எல்லைதான் வரும். உண்மையான நிலாவை வைத்துப் பார்த்தால் திதி ஏறத்தாழ 50 நாழிகை வரை குறுகும், 67 நாழிகை வரை நீளும். இதைத் 'தச க்ஷயம், சப்த விருத்தி' என்பார்கள். வாக்கியத் தரப்பு என்ன சொல்கிறது? சாஸ்திரத்தில் பாண விருத்தி, ரச க்ஷயம் என்று இருக்கிறது. திருக்கணிதம் அதை மீறுகிறது. எனவே திருக்கணிதத் திதியில் செய்யும் கர்மா பலிக்காது. ஒரு கணக்கின் விடையாக வந்த எண் இப்படித்தான் விதியாக மாறியது. நிலா அந்த எல்லையை மாதந்தோறும் தாண்டிக்கொண்டுதான் இருக்கிறது.

திருத்தச் சொல்வது நவீனம், திருத்தாமல் காப்பது மரபு என்று பலரும் நினைக்கிறார்கள். கேரளத்து நிளா நதிக்கரை ஆட்களைப் படித்தால் அது தலைகீழாகிவிடும். ஆலத்தூர் வடசேரி பரமேசுவரன் கிரகணங்களையும் கிரக சேர்க்கைகளையும் 55 ஆண்டுகள் பார்த்துக் குறித்தார். கணக்கும் வானமும் ஒத்துப்போகவில்லை என்று கண்டு 1431இல் 'திருக்கணிதம்' எழுதினார். திருக் என்றால் பார்வை, கண். கண்ணால் கண்டதோடு ஒத்துப்போகும் கணிதம். 'திரு' என்ற மரியாதைச் சொல்லோடு அதற்குச் சம்பந்தமில்லை. இந்தப் பெயர் ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே நம் பக்கத்தில் பிறந்தது.

பரமேசுவரனின் மகன் தாமோதரன். அவரிடம் படித்தவர் நீலகண்ட சோமயாஜி. சோமயாஜி என்றால் சோம யாகம் செய்தவர். வைதீகத்தில் அவரைக் குறை சொல்ல யாராலும் முடியாது. அவர் 1500ஐ ஒட்டி எழுதிய 'ஜ்யோதிர்மீமாம்சை'யில் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறார். சித்தாந்தங்கள் என்ற பழைய வானியல் நூல்கள் பிரம்மாவும் சூரியனும் உபதேசித்தவை என்கிறார்களே, அவற்றைத் திருத்தலாமா? அவர் சொல்லும் பதில்: தெய்வ அருள் என்பது புத்தி தெளிவதற்குக் காரணம், அவ்வளவுதான். பிரம்மாவோ ஆதித்தனோ தானே இறங்கி வந்து பாடம் நடத்துவதில்லை. ஆகவே கிரகணங்களையும் கிரகங்களையும் பார்த்து, சோதித்து, கணக்கை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

ஐந்நூறு ஆண்டுக்கு முன்பு யாகம் செய்த ஒருவர் இதை எழுதியிருக்கிறார். அவர் கடவுளை விடவில்லை. கடவுளின் பெயரைச் சொல்லித் தப்புக் கணக்கைக் காப்பாற்றவும் அவர் தயாராக இல்லை. எனக்கு இதைவிட நேர்மையான பக்தி எது என்று தெரியவில்லை.

எல்லோருக்கும் அந்தத் துணிச்சல் வாய்த்ததில்லை. சந்திரன் சூரியனை மறைக்கிறது, பூமியின் பெரிய நிழல் சந்திரனை மறைக்கிறது என்று 499ஐ ஒட்டி ஆரியபடர் எழுதிவிட்டார். 628இல் பிரம்மகுப்தர் தன் சித்தாந்தத்தில், ராகு காரணமில்லை என்று சொல்கிறவர்களைக் கண்டிக்கிறார், அது வேதத்துக்கும் ஸ்மிருதிக்கும் விரோதம் என்கிறார். ஆனால் அதே நூலில் கிரகணத்தைக் கணக்கிடும்போது நிழலின் விட்டத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார். ராகுவை வைத்து ஒரு நாழிகைகூட கணக்குப் போட முடியாது என்று அவருக்குத் தெரியும். நானூறு ஆண்டு கழித்து இதைப் படித்த அல்பிரூனி என்ற முஸ்லிம் அறிஞர், இவ்வளவு கெட்டிக்காரர் ஏன் இப்படி எழுதினார், சாக்ரடீஸுக்கு நேர்ந்தது தனக்கும் நேரும் என்று அஞ்சினாரோ என்று யோசிக்கிறார். ஊர் வாயும் பாம்பின் பக்கம்தான் இருந்தது. காதலர் சந்தித்தது ஒரே ஒரு நாள், அலர் என்ற ஊர்ப்பேச்சு மட்டும் திங்களைப் பாம்பு கொண்டது போல ஊரெல்லாம் பரவிவிட்டது என்று வள்ளுவர் ஒரு பெண்ணைப் பேசவைக்கிறார். பாம்பு விழுங்கியது என்றால் எல்லோரும் வாசலுக்கு வந்து பார்ப்பார்கள், எல்லோரும் பேசுவார்கள் என்பது அந்த உவமையிலேயே இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் நீலகண்டரின் வழியைச் சென்னையில் பிடித்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற, ஒளி கூடிக் குறையும் விண்மீனைக் கண்டறிந்தார். 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்தை வனபர்த்தியிலும், 1871 டிசம்பர் கிரகணத்தை நம் அவிநாசியிலும் பார்த்துப் பதிவு செய்தார். 1872இல் லண்டன் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. இவ்வளவு செய்தவர் பஞ்சாங்கத்தை விட்டுவிடவில்லை. தொலைநோக்கியில் பார்ப்பதோடு ஒத்துப்போகும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அது என்னவென்று விளக்கி, பண்டிதரும் சித்தாந்தியும் உரையாடுவது போல ஒரு சிறு நூல் எழுதி, இந்திய மொழிகளிலும் வரச் செய்தார். கிரகத்தின் இடம் தப்பானால் அதன் மேல் கட்டிய அனுஷ்டானமும் தப்பாகும் என்பதுதான் அவருடைய கவலை. பஞ்சாங்கத் திருத்தத்தை அவர் பக்தர்களுக்குச் செய்யும் கடமையாகப் பார்த்தார். இன்றைக்குத் தமிழ்நாட்டில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது.

2019 டிசம்பர் 26 காலை வளைய சூரிய கிரகணத்தின்போது நான் திண்டுக்கல்லில் அத்தை வீட்டில் இருந்தேன். ஒன்பதரை மணியை ஒட்டி வெயில் ஒரு மாதிரி மங்கியது. மேகம் மூடிய மங்கல் இல்லை அது. நிழல்கள் மட்டும் கூர்மையாகவே இருந்தன. வேப்பமரத்தடியில் இலை இடுக்கு வழியே விழுந்த ஒளிப் பொட்டுகள் எல்லாம் முதலில் பிறை பிறையாக இருந்து, அப்புறம் சின்னச் சின்ன வளையல் ஆகிவிட்டன. சிமென்ட் தரை முழுக்க நூற்றுக்கணக்கில். தெருவில் பிள்ளைகள் சூரியக் கண்ணாடி போட்டு அண்ணாந்து நின்றார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் ஊர் ஊராகக் கண்ணாடி கொடுத்துப் பார்க்க வைத்த கிரகணம் அது.

அத்தை உள்ளே வேறு வேலையில் இருந்தார். பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்தியிருந்தார். கிரகணம் பிடித்திருக்கும் வரை உலக்கை தானாக நிற்கும், விட்டதும் விழும் என்பது பழைய நம்பிக்கை. உலக்கை நின்றது. பக்கத்து வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மூன்று நாள் கழித்து அதே உலக்கையை அதே தாம்பாளத்தில் நான் நிறுத்தினேன். நின்றது. உலக்கையின் அடியில் தட்டையான இரும்புப் பூண் இருக்கிறது. பொறுமையாக நிறுத்தினால் எந்த நாளும் நிற்கும். "அத்தை, இன்னைக்கும் நிக்குது பாருங்க" என்று கூப்பிட்டேன். வந்து பார்த்தார். கோபப்படவில்லை. "நிக்கட்டும்ப்பா. எங்கம்மா கிரகணத்துக்குக் கிரகணம் இத நிறுத்துவாங்க. அன்னைக்கு அவங்க ஞாபகம் வந்துச்சு, நிறுத்துனேன்" என்றார்.

நான் ஒரு தப்பான கூற்றைப் பொய்யாக்கிக் காட்டியதாக நினைத்தேன். அத்தை அந்தக் கூற்றைச் சொல்லவே இல்லை. நம்பிக்கை என்று நாம் பெயர் வைக்கும் பலவற்றில் இப்படி அம்மாவின் கை ஒளிந்திருக்கிறது. அதை அறிவியல் தொடுவதும் இல்லை, தொட வேண்டியதும் இல்லை. ஆனால் இதே நம்பிக்கையின் பெயரால் வயிற்றுப்பிள்ளைக்காரியை மணிக்கணக்கில் இருட்டறையில் பட்டினி போட்டு உட்கார வைக்கும்போது விஷயம் வேறு. அங்கே ஒரு உடம்புக்குக் கெடுதல் வரும் என்ற கூற்று இருக்கிறது. அது சோதிக்கக்கூடிய கூற்று. நிலாவின் நிழலால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு எந்தத் தீங்கும் இல்லை. பட்டினியால் தாய்க்குத் தொல்லை உண்டு. இதை மென்று விழுங்காமல் சொல்லத்தான் வேண்டும்.

வாக்கியப் பஞ்சாங்கக்காரர்கள் பலரும் கிரகணத்துக்கு மட்டும் இன்று திருக்கணித நேரத்தையே போடுகிறார்கள். காரணம் எளிது. கிரகணம் பிடிப்பதை எல்லோரும் பார்ப்பார்கள். பத்து நிமிடம் தப்பினாலும் பஞ்சாங்கத்தின் மானம் போய்விடும். அட்டமி முடிவதை யாரும் பார்ப்பதில்லை. சனி ஒரு ராசியிலிருந்து அடுத்ததற்குப் போவதையும் யாரும் பார்ப்பதில்லை. அங்கெல்லாம் பழைய கணக்கு அப்படியே நிற்கிறது.

சனிப்பெயர்ச்சிக் குழப்பம் அதனால்தான். திருக்கணிதப்படி சனி மகரத்திலிருந்து கும்பத்துக்குப் போனது 2023 ஜனவரி 17. வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. திருநள்ளாறு தர்ப்பாரண்யேஸ்வரர் கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுவதால் அங்கே விழா டிசம்பரில்தான். அடுத்த பெயர்ச்சி, கும்பத்திலிருந்து மீனத்துக்கு, திருக்கணிதப்படி 2025 மார்ச் 29. அந்த மாதம் பக்தர்கள் குழம்பிவிட, எங்கள் கணக்குப்படி இந்த ஆண்டு பெயர்ச்சி இல்லை, 2026இல்தான் என்று கோயில் நிர்வாகம் அறிவிக்க வேண்டியதாயிற்று. யாழ்ப்பாணத்திலும் இதே போல இரண்டு பஞ்சாங்கங்கள் ஓடுகின்றன. புத்தாண்டு பிறக்கும் நேரமே இரண்டிலும் வேறு வேறு.

ஏறத்தாழ ஒரு வருடப் பிசகு எங்கிருந்து வந்தது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம், கஷ்டமில்லை. ஆரியபடர் கணக்கில் 43,20,000 ஆண்டுகளில் சனி 1,46,564 சுற்று சுற்றுகிறது. வகுத்தால் ஒரு சுற்றுக்குச் சுமார் 10,766 நாள். இன்றைய அளவீட்டில் அது சுமார் 10,759 நாள். ஒரு சுற்றுக்கு ஏழு நாள்தான் வித்தியாசம். தொலைநோக்கி இல்லாத காலத்தில் இவ்வளவு நெருங்கியது பெரிய சாதனை. ஆனால் அதற்குப் பிறகு சனி ஐம்பது சுற்றுக்கு மேல் சுற்றிவிட்டது. ஏழு நாள் ஐம்பது தடவை சேர்ந்தால் 350 நாள். இடையில் வந்த சிறு திருத்தங்கள் இதில் கொஞ்சம் குறைத்திருக்கின்றன. மீதி அப்படியே திருநள்ளாற்றுத் தேதியில் நிற்கிறது. பரமேசுவரனும் நீலகண்டரும் காட்டிய வழியில் அவ்வப்போது சரிபார்த்திருந்தால் இந்தப் பாக்கி சேர்ந்திருக்காது.

சரி, திருக்கணிதத்தைப் பிடித்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்ததா? வானத்தைப் பொறுத்தவரை தீர்ந்தது. ஆனால் திருக்கணித ஜோதிடர் சிலர், எங்களுடையது அறிவியல் முறை, ஆகவே எங்கள் பலன் அறிவியல் பலன் என்று சொல்லும்போது எனக்கு ஒப்பவில்லை. சனி எங்கே இருக்கிறது என்பது வானியல். கும்பம் எங்கே தொடங்குகிறது என்பது மனிதர்கள் பேசி வைத்துக்கொண்டது. வானத்தில் ராசிக்கு ராசி கோடு கிழித்திருக்கவில்லை. மேக்நாத் சாகா தலைமையில் 1952இல் அமைந்த நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு, 1956 மார்ச் 21 அன்று அயனாம்சம் 23 பாகை 15 கலை என்று ஓர் எண்ணை வைத்துக்கொண்டது. மார்ச்சில் பகலும் இரவும் சமமாகும்போது சூரியன் நிற்கும் புள்ளிக்கும் நம் ராசிச் சக்கரம் தொடங்கும் புள்ளிக்கும் உள்ள விலகல்தான் அயனாம்சம். சித்திரை நட்சத்திரத்தை அடையாளமாக வைத்த கணக்கு அது. வேறு அயனாம்சங்களும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்றை மாற்றினால் பெயர்ச்சித் தேதியும் மாறும். இதே அயன விலகலால்தான் உத்தராயணம் பிறக்கும் நாள் என்று நாம் ஜனவரியில் பொங்கல் கொண்டாடுகிறோம். சூரியன் வடக்கே திரும்புவதோ டிசம்பர் 21, 22லேயே முடிந்துவிடுகிறது. பொங்கல் அதனால் இனிக்காமல் போவதில்லை. சூரியனிலிருந்து 140 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் சுற்றும் சனி, கும்ப ராசிக்காரரின் வேலையையும் திருமணத்தையும் என்ன செய்யும் என்பதற்கு எந்த அயனாம்சத்திலும் ஆதாரம் கிடையாது.

தாத்தாவின் அட்டமிக்கு ஐயர் சொன்ன தீர்வு இதுதான்: "உங்க வீட்டுல பெரியவங்க எதப் பாத்தாங்களோ அதையே பாருங்க." அப்பா வியாழக்கிழமை படைத்தார். சித்தப்பாவும் வந்திருந்தார். தாத்தாவுக்குப் பிடித்த சேப்பங்கிழங்கு வறுவல் இருந்தது. அன்று அட்டமியா என்று என்னைக் கேட்டால் இல்லை, திதிக்குரிய அட்டமி முந்தின நாள் பிற்பகல்தான் என்பேன். அன்று நாங்கள் தாத்தாவை நினைத்தோமா என்று கேட்டால், ஆமாம். இரண்டு பதிலையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்ள எங்களுக்குச் சிரமம் இருக்கவில்லை.

2023 டிசம்பர் 20 மாலை 5.20க்கு வாக்கியப்படி பெயர்ச்சி என்று திருநள்ளாற்றில் தீபாராதனை நடந்தபோது சூரியன் மறைய இன்னும் அரை மணி நேரம் போல இருந்தது. அந்த மாலை எங்கெல்லாம் மேகம் இல்லையோ அங்கெல்லாம் ஆறரை மணிக்கு சனியைப் பார்த்திருக்கலாம். உச்சிப் பக்கம் பாதிக்கு மேல் பெருத்த வளர்பிறை நிலா. தென்மேற்கில் நன்றாக மேலே, மஞ்சளாக, சிமிட்டாமல் ஒரு புள்ளி. கும்பத்தின் எல்லை என்று இன்றைய கணக்கு வைத்திருக்கும் இடத்தை அது ஏழெட்டுப் பாகை தாண்டியிருந்தது. கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் மறையும் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவு. நள தீர்த்தத்திலிருந்து ஈரத்துணியோடு படியேறி வருகிறவர் தலையை நிமிர்த்தினால் தெரியும் தூரம்தான்.